ஒரே 'பாவம்', இரண்டு கேள்விகள்: விலங்கு நலத்தையும் உரிமையையும் வகுப்பில் எப்படி எடுப்பது?

ஒன்பதாம் வகுப்புக்கு விலங்கு நலம், விலங்கு உரிமை பற்றி ஐந்து பாடவேளை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், உபதேசமாகவும் ஆகிவிடக் கூடாது, சைவம் அசைவம் சண்டையாகவும் முடியக் கூடாது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கே தொடங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அங்கேதான் தொடங்கினேன். உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாவது வருடம், இறைச்சிக்கூடம் ஒன்றில் எடுத்த வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம்தான். இரண்டு பெண்கள் அழுதார்கள், ஒருவன் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான், கடைசி பெஞ்சில் நாலு பேர் வேண்டுமென்றே சிரித்தார்கள். பாடம் நன்றாக மனதில் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பார்த்தால் ஒரு பையனுக்குப் பக்கத்தில் யாருமே உட்காரவில்லை. அவன் அப்பாவுக்குக் கசாப்புத் தொழில். அது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. என் பாடத்தால் எந்த மாட்டுக்கும் எந்தக் கோழிக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை. அந்தப் பையனுக்கு மட்டும் அந்த வருடம் முழுக்கக் கஷ்டம். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக இதே பாடத்தை எடுத்துவிட்டேன். ரத்தம் தெரியும் படம் எதையும் காட்டியதில்லை.

இப்போது நான் முதல் நாள் கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதுகிறேன்: பாவம். இதை எப்படியெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் இரண்டு வகை வந்துவிடும். "பாவம் அந்த நாய், நொண்டுது." "நாயைக் கல்லால அடிக்கிறது பாவம்." சொல் ஒன்றுதான். முதலாவது வாக்கியம் நாய் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது. இரண்டாவது, நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றியது. விலங்கு நலம் என்பது முதல் 'பாவம்', விலங்கு உரிமை என்பது இரண்டாவது 'பாவம்'. வளர்க்கலாம், வேலை வாங்கலாம், உணவுக்காகக் கொல்லவும் செய்யலாம், ஆனால் உயிரோடு இருக்கும்வரை அது துன்பப்படக் கூடாது, சாவும் வலியில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவர் நலம் பேசுகிறார். எவ்வளவு சொகுசாக வைத்திருந்தாலும் சரி, நம் தேவைக்காக இன்னொரு உயிரை வைத்துக்கொள்ள நாம் யார் என்று கேட்பவர் உரிமை பேசுகிறார். கூண்டைப் பெரிதாக்கு என்பவரும் கூண்டைத் திற என்பவரும் ஒரே கூட்டத்தில் நின்று கோஷம் போடலாம். ஆனால் அவர்கள் கேட்பது ஒன்றல்ல.

பிள்ளைகளிடம் நான் வைக்கும் வேறுபாடு இன்னும் எளிமையானது. முதல் கேள்விக்கான பதிலை விலங்கிடமே கேட்கலாம். இரண்டாவதை அதனிடம் கேட்க முடியாது, நாம்தான் யோசித்தாக வேண்டும். ஐந்து பாடவேளையும் இந்த ஒரு கோட்டின் இரண்டு பக்கத்தில்தான் நடக்கும். என் கணக்கில் மூன்று பாடவேளை முதல் பக்கத்துக்கு. உரிமை விவாதத்துக்கு முதல் நாளே போய்விட்டால், விலங்கே இல்லாத விலங்கு விவாதம்தான் மிஞ்சும்.

'வாயில்லா ஜீவன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கோழி காலையிலிருந்து சாயங்காலம்வரை எத்தனை விதமாகச் சத்தம் போடுகிறது என்று கவனித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதல் வகுப்பில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், ஆளுக்கு ஒரு விலங்கைத் தேர்ந்துகொண்டு இருபது நிமிடம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கோழி, நாய், காகம், அணில், எறும்பு எதுவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: சந்தோஷம், சோகம், கோபம், பாவம் என்ற சொற்களை எழுதக் கூடாது. உடல் என்ன செய்கிறது, அதை மட்டும் எழுத வேண்டும்.

ஒரு வருடம் ஒரு மாணவியின் நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். பழுப்பு நிறக் கோழி ஒன்றைத் தேர்ந்திருந்தாள். முதல் ஐந்து நிமிடம், கிளறுகிறது, கொத்துகிறது, நாலடி நகர்கிறது. அடுத்த வரியில், "கோழிக்கு வலிப்பு வந்துவிட்டது" என்று எழுதியிருந்தது. என்னிடம் ஓடி வந்தாள், "மிஸ், அது செத்துப்போகப் போகுது" என்று. போய்ப் பார்த்தோம். காய்ந்த மண்ணில் குழி பறித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து, சிறகெல்லாம் சிலிர்த்து, ஒரு காலால் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. தலையைத் தரையில் தேய்த்தது. கண் பாதி மூடியிருந்தது. உட்கார்ந்து பார் என்றேன். கால்மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பிறகு எழுந்து நின்று, உடம்பு முழுக்க ஓர் உதறு உதறியது. புழுதி மேகம் மாதிரி கிளம்பியது. எதுவும் நடக்காததுபோலக் கோழி கிளறப் போய்விட்டது. அவள் 'வலிப்பு' என்பதை அடித்துவிட்டு 'குளிக்கிறது?' என்று எழுதினாள். அந்தக் கேள்விக்குறிக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அது புழுதிக் குளியல்தான். இறகில் படியும் பழைய எண்ணெய்ப்பசையை மண் உறிஞ்சிக்கொள்ளும், பேனும் உண்ணியும் உதிரும். தாயிடம் பார்த்துக் கற்க வேண்டியதில்லை, பொரித்த சில நாளிலேயே குஞ்சுகள் தாமாகவே தொடங்கிவிடும். மண்ணே இல்லாத கம்பிக் கூண்டில் வாழும் முட்டைக்கோழி என்ன செய்யும்? அதுவும் குளிக்கும். வெறும் கம்பியின் மேல் படுத்து, இல்லாத மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். இதை வகுப்பில் சொல்லிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். இறைச்சிக்கூட வீடியோ செய்யாததை இந்த ஒரு தகவல் செய்துவிடும். யாரும் வாந்தி எடுப்பதில்லை, யாரும் சிரிப்பதுமில்லை.

அதே வகுப்பில் ஏ4 தாள் ஒன்றைத் தரையில் வைப்பேன். அதன் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகைக் கூண்டில் ஒரு கோழிக்குச் சட்டம் விதித்திருந்த குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர், அதாவது இந்தத் தாளைவிடக் குறைவு. 1999-இல் போட்ட உத்தரவின்படி அந்த வகைக் கூண்டுகள் 2012 ஜனவரி 1 முதல் அங்கே தடை செய்யப்பட்டன. உற்பத்தியாளர்களுக்குக் கிடைத்த அவகாசம் பன்னிரண்டு வருடம். தாளை வைத்துவிட்டு நான் கருத்து எதுவும் சொல்வதில்லை. ஒருவர் போய் அதன் மேல் நின்று பார்க்கலாம் என்று மட்டும் சொல்வேன். எப்படியும் நாலைந்து பேர் போய் நிற்பார்கள்.

இரண்டாவது வகுப்பு, முகத்தைப் பார்த்து ஏமாறுவது பற்றி. பிள்ளைகள் கைப்பேசியில் நாளெல்லாம் பார்ப்பது விலங்கு வீடியோக்களைத்தான், அதனால் அங்கிருந்தே எடுங்கள். ஸ்லோ லோரிஸ் என்ற வகைத் தேவாங்கை ஒருவர் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு "இன்னும் இன்னும்" என்று கேட்பதுபோல இருக்கும் ஒரு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அந்த வகைத் தேவாங்குக்கு முழங்கைப் பக்கத்தில் ஒரு சுரப்பி உண்டு. பயந்தால் கையைத் தூக்கி, அந்தச் சுரப்பையும் எச்சிலையும் கலந்து விஷமாக்கிக் கடிக்கத் தயாராகும். நாம் கொஞ்சல் என்று நினைத்தது தற்காப்பு. டால்பின் எப்போதும் சிரிப்பது அதன் தாடை அமைப்பு, செத்துக் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும். சிம்பன்சி பல்லெல்லாம் தெரியச் சிரித்தால் பெரும்பாலும் அது பயம், அல்லது பணிவு. தட்டை மூக்கு நாய் குறட்டை விடுவதை அழகு என்று பகிர்கிறோம், அதற்கு மூச்சுப்பாதை அடைத்திருக்கிறது. இந்த நாலு உதாரணம் போதும். அடுத்த முறை கைப்பேசியைத் திறக்கும்போது அவர்களே ஐந்தாவதைக் கண்டுபிடித்து வருவார்கள்.

முகத்தை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? இங்கேதான் இந்தத் துறையின் மிக அழகான பகுதி இருக்கிறது. பாடப்புத்தகங்கள் இதைத் தொடுவதே இல்லை. விலங்குக்கு இரண்டு கதவு வையுங்கள், எதைத் திறக்கிறது என்று பாருங்கள்.

1965-இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு என்ற அரசுக் குழு பண்ணை விலங்குகள் பற்றி அறிக்கை கொடுத்தது. அதற்கு முந்தைய வருடம் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி தொழிற்பண்ணைகளைப் பற்றி எழுதிய நூல் எழுப்பிய கொந்தளிப்பில் அமைத்த குழு அது. நல்ல குழு, நல்ல அறிக்கை. அதில் ஒரு பரிந்துரை: கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை வேண்டாம், கோழியின் காலுக்கு உறுத்தும், தடித்த கம்பியாகப் போடுங்கள். யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். 1973-இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் கோழிகளிடமே கேட்டார்கள். இரண்டு தரையையும் வைத்து, எதில் போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். கோழிகள் அந்த மெல்லிய வலையைத்தான் தேர்ந்தன. பாதத்துக்கு அதிக இடத்தில் பிடிமானம் கிடைத்தது காரணமாக இருக்கலாம். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைச் சொன்னதும் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கும்: "மிஸ், என்கிட்ட சாக்லேட்டா கீரையான்னு கேட்டா நான் சாக்லேட்டுன்னுதான் சொல்லுவேன். அது எனக்கு நல்லதா?" அந்தக் கேள்வி வரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் மேரியன் டாக்கின்ஸ் என்ற ஆய்வாளர் கூண்டில் வளர்ந்த கோழிகளுக்குக் கூண்டையும் திறந்தவெளியையும் காட்டியபோது, அவை முதலில் கூண்டுக்குள்ளேயே போயின. பழகிய இடம். வெளியே கொஞ்சம் இருந்து பார்த்த பிறகுதான் தேர்வு மாறியது. ஆக ஒரு தடவை கேட்டால் போதாது, எவ்வளவு வேண்டும் என்றும் கேட்க வேண்டும். அதற்கு ஒரு வழி, கதவைக் கனமாக்கிக்கொண்டே போவது. முட்டையிடும் நேரம் நெருங்கிய கோழி, கூடு இருக்கும் பக்கம் போக நல்ல கனமான கதவையும் தள்ளித் திறக்கும். 2001-இல் ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க் என்ற விலங்கை வைத்து இதே முறையில் ஓர் ஆய்வு வந்தது. பொம்மை, சுரங்கவழி, மேடை, தண்ணீர்த்தொட்டி என்று பலவற்றைக் கனமான கதவுகளுக்குப் பின்னால் வைத்தார்கள். மிங்குகள் அதிகம் உழைத்தது நீந்தும் தொட்டிக்காக. தொட்டியை ஒரு நாள் பூட்டிவிட்டபோது, உணவை நிறுத்தினால் எவ்வளவு மன அழுத்த ஹார்மோன் ஏறுமோ கிட்டத்தட்ட அவ்வளவு ஏறியது. 2000-இல் வந்த இன்னொன்று: இரண்டு தீவனம், ஒன்றில் வலிநிவாரணி. நொண்டும் பிராய்லர் கோழிகள் மருந்து கலந்ததை அதிகமாகத் தின்றன. நொண்டல் அதிகமாக அதிகமாக, தின்ற மருந்தின் அளவும் கூடியது. வலிக்கிறது என்று கோழி சொல்ல வேறு என்ன வழி வேண்டும்?

மீன், நண்டு எல்லாம் எங்கே வரும் என்று கேட்பார்கள். 2003-இல் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலம் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, மணிக்கணக்கில் தின்னாமல் இருந்தன. மார்பீன் என்ற வலிநிவாரணியைக் கொடுத்தபோது அது குறைந்தது. ஆனாலும் மீன் மூளையில் வலியை உணர்வதற்கான புறணியே, அதாவது மூளையின் மேலடுக்கே, இல்லை, அது வெறும் அனிச்சைச் செயல் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சொல்லுங்கள். காலி ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்கு லேசான மின் அதிர்ச்சி கொடுத்தால் ஓட்டை விட்டு வெளியே வரும். பிடித்தமான ஓடாக இருந்தால் அவ்வளவு சுலபமாக வராது, தாங்கிக்கொள்ளும். அனிச்சைச் செயல் இப்படிப் பேரம் பேசாது. பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டத்தில் உணர்வுள்ள விலங்குகளின் பட்டியலில் நண்டு, இறால், ஆக்டோபஸ் எல்லாம் சேர்ந்துவிட்டன. பூச்சிகள் பற்றிய வாக்குவாதம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது வகுப்பில் 'ஐந்து சுதந்திரங்கள்' பற்றிச் சொல்லிவிடலாம். பசி தாகம் இல்லாமை, அசௌகரியம் இல்லாமை, வலியும் நோயும் இல்லாமை, பயமும் தவிப்பும் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ள வழி. பிராம்பெல் அறிக்கையில் இது திரும்ப, எழ, படுக்க, உடலைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்ட என்று இருந்தது. 1979-இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. பரீட்சையில் கேட்பார்கள் என்பதால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதிக நேரம் செலவழிக்காதீர்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த ஐந்தில் நாலு 'இல்லாமை'. துன்பம் எதுவும் இல்லை என்பது நல்ல வாழ்க்கையாகிவிடுமா? நியூசிலாந்தில் டேவிட் மெல்லரும் அவர் சகாவும் 1994-இல் முன்வைத்த ஐந்து களங்கள் என்ற மாதிரி, பின்னால் வளர்ந்தபோது விளையாட்டு, ஆர்வம், துணை போன்ற இன்பங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது இதனால்தான். மிச்ச நேரத்தில், முதல் நாள் பார்த்த அதே விலங்கை அந்த ஐந்தை வைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் பிரியமாக வளர்க்கும் மீன்தொட்டியும் கிளிக்கூண்டும் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பலர் முகம் மாறும். அந்த இடத்தில் கிண்டல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வகுப்பில் கோட்டைத் தாண்டுகிறோம். தாண்டுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தாண்டுங்கள்: இதுவரை பார்த்ததெல்லாம் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம், இனிமேல் வருவது முடிவெடுக்க வேண்டிய விஷயம். கோழிக்குப் புழுதி வேண்டும் என்பதை ஆய்வு காட்டும். கோழியை நாம் வைத்துக்கொள்ளலாமா என்பதை எந்த ஆய்வும் காட்டாது.

முதல் வாதம் தயாராக இருக்கும். "அது ஐந்தறிவு ஜீவன் மிஸ், நமக்கு ஆறறிவு." சிரிக்காதீர்கள், தத்துவ உலகில் இதற்கு நீண்ட பரம்பரை உண்டு. ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். பகுத்தறிவு உள்ளவர்களுக்கு மட்டுமே நாம் நேரடியாகக் கடன்பட்டிருக்கிறோம், நாயிடம் கொடுமையாக நடந்தால் நாளை மனிதரிடமும் அப்படி நடப்போம் என்பதால்தான் நாயிடம் கனிவாக இருக்க வேண்டும் என்றார். 1789-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் ஓர் அடிக்குறிப்பில் அந்த ஆறாவது அறிவையே ஒதுக்கிவைத்தார். பகுத்தறியுமா, பேசுமா என்று கேட்காதே, வேதனைப்படுமா என்று கேள் என்பது அவர் வாதம். விலங்கு பற்றிய தத்துவம் இருநூறு வருடமாக அந்த அடிக்குறிப்பைச் சுற்றியே நடக்கிறது.

இங்கே ஆசிரியர்களே குழம்பும் ஓர் இடம் உண்டு. தத்துவவாதி பீட்டர் சிங்கரை விலங்கு உரிமையின் தந்தை என்பார்கள். 1975-இல் வந்த அவருடைய நூல்தான் இயக்கத்தைக் கிளப்பியது, உண்மை. ஆனால் அவர் பயன்வாதி. எல்லோருடைய இன்பதுன்பத்தையும் சமமாக எடைபோடு என்பவர். விலங்கின் துன்பத்தைக் குறைத்து மதிக்காமல் தராசில் வைத்த பிறகும் ஒரு சோதனையால் விளையும் நன்மை பெரிதாக இருந்தால், அவர் கணக்கில் அது அனுமதிக்கப்படலாம். கறாரான உரிமை வாதம் டாம் ரீகனுடையது, 1983. தனக்கென்று ஒரு வாழ்க்கையை, நினைவோடும் விருப்பத்தோடும் வாழ்கிற எந்த உயிரும் பிறருக்குக் கருவியாக இருக்க முடியாது, நன்மை எவ்வளவு பெரிதானாலும். எதிர்ப்பக்கம் கார்ல் கோஹன், 1986. உரிமை என்பது கடமையை உணரக்கூடியவர்களுக்கு இடையில் மட்டுமே எழும், எலிக்கு உரிமை என்பது பொருளற்ற பேச்சு, அதற்காக எலியை வதைக்கலாம் என்று அர்த்தமில்லை. மூவரையும் கரும்பலகையில் மூன்று மூலையில் எழுதிப்போடுங்கள். பிள்ளைகள் தாங்கள் நிற்கும் மூலையைக் கண்டுபிடிப்பார்கள். பலர் நாலாவது மூலை கேட்பார்கள்.

கோஹனுக்குப் பதிலாகக் கைக்குழந்தைக்கும் கடமை தெரியாதே, அதற்கு உரிமை இல்லையா என்ற வாதம் வந்தே தீரும். குழந்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தத்துவப் புத்தகங்கள் அடுத்ததாக மனவளர்ச்சி குன்றியவர்களை உதாரணம் காட்டும். வகுப்பில் யாருக்கோ அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். வாதத்துக்கு அது தேவைப்படவில்லை.

"அப்ப புலி மானைத் தின்னுறது தப்பா?" இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. ரீகனின் பதில் எளிது: தப்பு செய்ய முடிந்தவர்களும், தப்புக்கு ஆளாக மட்டும் முடிந்தவர்களும் வேறு வேறு. புலியால் தப்பு செய்ய முடியாது. ஆனால் உடனே அடுத்தது வரும்: அப்ப புலிகிட்டேருந்து மானைக் காப்பாத்தணுமா? அதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் தத்துவத்தில் இன்னும் இல்லை. "தெரியலை, பெரிய ஆளுங்களே அடிச்சிக்கிறாங்க" என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியர் வாயிலிருந்து இது வந்தால் பதினாலு வயதுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடைசி வகுப்புக்கு மூன்று வழக்குகள். நான் வகுப்பை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பேன்.

ஒன்று, காலாபகஸ். ராட்சத ஆமைகள் வாழும் அந்தத் தீவுகளில் மனிதன் கொண்டுவந்து விட்ட ஆடுகள் பெருகி, ஆமைகளுக்குப் புல்லும் நிழலும் இல்லாமல் செய்துவிட்டன. 1997 முதல் 2006 வரை நடந்த திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டுக் கொன்றார்கள், பலவற்றை ஹெலிகாப்டரிலிருந்து. கடைசியில் ஒளிந்திருந்தவற்றைக் கண்டுபிடிக்க ஓர் ஆட்டைப் பிடித்து, ரேடியோப் பட்டை கட்டி அனுப்புவார்கள். ஆடு கூட்டமில்லாமல் இருக்காது, தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். பின்னாலேயே போய் மற்ற எல்லாவற்றையும் சுட்டுவிட்டு, அதை மட்டும் விட்டுவிடுவார்கள், அடுத்த கூட்டத்தைக் கண்டுபிடிக்க. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரில், யூதாஸ் ஆடு என்று அதற்குப் பெயர். ஆமை பிழைத்தது. நலம் பேசுபவர் ஒரே குண்டில் செத்ததா என்று கேட்பார். உரிமை பேசுபவர் ஆடு என்ன தப்பு செய்தது என்பார். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், இயற்கைப் பாதுகாவலர்: அவருக்குத் தனி ஆடு கணக்கில்லை, இனம்தான் கணக்கு. இந்த மூன்று பேரையும் 'விலங்குகளை நேசிப்பவர்கள்' என்று ஒரே பையில் போடுவது எவ்வளவு தப்பு என்று இந்த வழக்கைப் பார்த்த பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு, இன்சுலின். 1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை எடுத்துச் செய்த சோதனைகளில் பல நாய்கள் செத்தன. மறு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஊசி போட்டார்கள், சாகக் கிடந்தவன் பிழைத்தான். அதன்பின் அறுபது வருடம் மாடு, பன்றிக் கணையத்திலிருந்துதான் இன்சுலின் வந்தது. 1982 முதல் பாக்டீரியாவை வைத்துத் தயாரிக்கிறார்கள். விலங்குச் சோதனைகளுக்காக ரசல், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959-இல் சொன்ன மாற்று வழி, எண்ணிக்கைக் குறைப்பு, வதைக் குறைப்பு என்ற மூன்றையும் இந்த ஒரு கதையிலேயே விளக்கிவிடலாம். ஒரு தடவை இதை எடுத்தபோது முன் வரிசைப் பெண் ஒருத்தி, "நான் தினமும் ஊசி போட்டுக்கிறேன் மிஸ்" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு அவளே, "ஆனா அந்த நாய்ங்களுக்கு ஏதாவது பேர் இருந்துச்சான்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள். நான் வைத்திருந்த எந்தக் குறிப்பும் அதற்கு ஈடாகவில்லை. இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம் என்பதால், இந்த வழக்கைக் கொடுக்கும் முன் யார் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரிக்கவில்லை, அவள் பெருந்தன்மையால் தப்பித்தேன்.

மூன்று, ஹேப்பி என்ற யானை. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சியகத்தில் இருந்தது. கண்ணாடியில் பார்த்து, தன் தலையில் போட்டிருந்த குறியைத் துதிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்ட யானை, அதாவது பிம்பம் தான்தான் என்று கண்டுகொண்டது. சட்டவிரோதமாக அடைத்துவைத்த மனிதரை விடுவிக்கும் ஆட்கொணர்வு மனுவை இதற்காகப் போட்டார்கள். 2022 ஜூனில் மாநில உச்ச நிலை நீதிமன்றம் 5-க்கு 2 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. அதற்கு ஆறு வருடம் முன்பு, 2016-இல், அர்ஜென்டினாவின் மென்டோசாவில் சிசிலியா என்ற சிம்பன்சிக்காகப் போட்ட அதே வகை மனுவை நீதிபதி ஏற்றுக்கொண்டார். சிசிலியா பிரேசிலில் ஒரு சரணாலயத்துக்குப் போனது. இதை வழக்காடு மன்றமாகவே நடத்துங்கள். ஒரே ஒரு விதி: யார் எந்தப் பக்கத்தை நம்புகிறாரோ அவர் எதிர்ப்பக்கத்துக்கு வாதாட வேண்டும். யானைக்கு விடுதலை கேட்கும் பிள்ளை காட்சியகத்துக்கு வக்கீலாகும்போதுதான், யானையை வெளியே விட்டால் அடுத்து எந்த விலங்குக்கு மனு வரும், நீதிமன்றம் எங்கே கோடு போடும் என்ற கேள்வியின் கனம் தெரியும்.

மதிப்பெண் போடுவது பற்றிக் கேட்டீர்கள். எந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். 'நலம்' கேள்விக்கு ஆதாரமும், 'உரிமை' கேள்விக்குக் காரணமும் கொடுத்திருக்கிறார்களா, ஒன்றுக்குக் கொடுக்க வேண்டியதை மற்றதற்குக் கொடுத்துக் குழப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். வகுப்பில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கை தூக்கச் சொல்லாதீர்கள், எண்ணிக்கைக்காகக்கூட வேண்டாம். வகுப்பில் முயலோ மீனோ வளர்க்கலாமா என்று தலைமையாசிரியர் யோசனை சொன்னால், நீண்ட விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே காகம் இருக்கிறது.

ஐந்து நாளில் எந்த நாளாவது யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "மிஸ், நீங்க கறி சாப்பிடுவீங்களா?" அது அத்தனை பாடத்தையும் ஒரே கேள்வியில் எடைபோட்டுவிடும் தந்திரம், அவர்களுக்கும் அது தெரியும். ஐந்தாவது வகுப்பு முடிந்து, பேப்பர் எல்லாம் திருத்திக் கொடுத்த பிறகு கேளு, மறைக்காமல் சொல்றேன் என்பேன். சொல்லவும் செய்வேன், மதிப்பெண் போட்டாகிவிட்டது அல்லவா. இத்தனை வருடத்தில் திரும்பி வந்து கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.